அருவிக்கு நடுவே நான்கு போல்ட்

எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் நான்கு ஓட்டை போட வேண்டும். வேலை அவ்வளவுதான். அதற்காக என் அண்ணன், கல்ஃபில் இருக்கும் என் வீட்டுக்காரர், அண்ணனின் கூட்டாளிகள் என்று ஓர் ஆண்படையே சேர்ந்து நடத்திய மாநாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு மெஷினை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டால் ஆண்கள் வேலையை முடித்துவிடுவார்கள் என்று நம்புகிறவர்கள் மரக்காணத்துக்கு வந்து எங்கள் வீட்டைப் பார்க்கலாம். சாவி மாட்டும் பலகை, காலண்டர், கடிகாரம், யாரும் எதையும் மாட்டாத ஒரு கொக்கி, அதற்குப் பக்கத்தில் அதைவிடத் தேவையில்லாத இன்னொரு கொக்கி. எல்லாம் அந்த மெஷின் வந்த வாரத்தில் முளைத்தவை. ஓட்டை வேண்டிய இடத்தில் மட்டும் ஓட்டை விழவில்லை.

அத்தாவுக்கு, எங்களைப் பெற்ற தகப்பனாருக்கு, பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. உப்பளங்களில் லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் தரகு வேலையில் காலமெல்லாம் வரப்பு வரப்பாக நடந்த மனிதர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, கை திரும்பவில்லை. நான்கு கால் வைத்த ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஹாலுக்கும், ஹாலிலிருந்து குளியலறைக்கும் அவரே நடந்துவிடுவார். உள்ளே போனபின்தான் சிக்கல். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கப் பிடிமானம் இல்லை. அம்மா மவுத்தாகிப் பல வருஷம் ஆகிறது. அதனால் அண்ணன்தான் கூடப் போக வேண்டும், அண்ணன்தான் தூக்கிவிட வேண்டும். அண்ணனோ பஜாரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். காலையில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு வருவார், மறுபடி போனால் கடை அடைத்துத்தான் வருவார்.

பிசியோதெரபி செய்ய வரும் பெண் முதல் வாரமே சொல்லிவிட்டது. டாய்லெட் பக்கத்துச் சுவரில் வலது கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு கைப்பிடிக் கம்பி போட்டுக் கொடுங்கள், இவர் அவராகவே எழுந்துகொள்வார் என்று. அண்ணனும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பியவள் நான் ஒருத்திதான்.

அத்தாவுக்கு டீ என்றால் உயிர். உப்பு வியாபாரத்தில் இருந்த காலத்தில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் விடியற்காலை சுபுஹ் தொழுதுவிட்டு ஒன்று, லோடு ஏறும்போது ஒன்று, ஏறி முடிந்ததும் ஒன்று என்று குடித்தவர். நான் தையல் மெஷினை ஹாலிலேயே போட்டு பிளவுஸ் தைக்கிறேன். அவர் எதிரே நாற்காலியில் இருப்பார். பதினோரு மணிக்கு டீ கொடுப்பேன். முதலில் பாதி போதும் என்றார். பிறகு வேண்டாம் என்றார். வற்புறுத்திக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார், கொஞ்ச நேரத்தில் கிளாஸ் காலியாக இருக்கும். குடித்துவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். ஜன்னல் ஓரம் குரோட்டன்ஸ் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது மண்ணின் மேல் டீயின் ஆடை படிந்திருந்தது, எறும்பு மொய்த்துக்கிடந்தது.

ஏன் என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்கண்ணன் வந்தாதான்மா உள்ள போவ முடியும். அதுக்குக் குடிக்காமலே இருந்துட்டா தேவல."

நான் தூக்கிவிடுகிறேன் அத்தா, அண்ணி ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் பிடிக்கிறோம் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. பெற்ற மகள் முன்னால், மருமகள் முன்னால் அப்படி உட்கார்ந்து எழுவதைவிடத் தாகத்தோடு இருப்பது மேல் என்று முடிவு கட்டிவிட்டார். வாதாடிப் பயனில்லை, அது எனக்குத் தெரியும். அன்றைக்கு அண்ணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கண் கலங்கினார். கலங்கிய கண்ணைத் துடைத்துவிட்டு, முதலில் நல்ல ட்ரில்லிங் மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்றார்.

எலக்ட்ரிக் கடையில் ட்ரில்லிங் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும். தெருவில் ஓர் எலக்ட்ரீஷியன் இருக்கிறார், கூப்பிட்டால் அவரே கொண்டுவருவார். இரண்டையும் நான் சொன்னேன். அண்ணனுக்கு அது கௌரவப் பிரச்சினை. ஒரு காலத்தில் கல்ஃபில் மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட்டில் இருந்தவர் வீட்டில் ஓட்டை போட வெளியாளைக் கூப்பிடுவதா? அந்த டிபார்ட்மென்ட்டில் இவருக்கு ஸ்டோரில் வேலை. மெஷினை எடுத்துக் கொடுப்பார், சாயந்திரம் திரும்ப வாங்கி வைப்பார். ஓட்டியது வேறு ஆட்கள். அதை யாரும் அவரிடம் ஞாபகப்படுத்துவதில்லை.

குளியலறை ஈரத்தில் வயர் மெஷின் ஆபத்து, அதனால் பேட்டரி மெஷின்தான் வேண்டும் என்றார். இதில் நியாயம் இருந்தது. நியாயம் அதோடு முடிந்தது. அதன் பிறகு சாப்பிடும்போது ஃபோன், படுக்கும்போது ஃபோன், கடையில் வாடிக்கையாளர் வளையலுக்கு நிற்கும்போதும் ஃபோன். வீடியோவில் யாரோ ஒருவர் மரக்கட்டையில் ஓட்டை போடுவார், இன்னொருவர் அதே ஓட்டையை வேறு மெஷினால் போடுவார், மூன்றாமவர் இருவரையும் திட்டுவார். பன்னிரண்டு வோல்ட்டா பதினெட்டு வோல்ட்டா என்று ஒரு வாரம் ஓடியது. டார்க் என்கிற முறுக்கு விசை என்றால் என்ன என்று ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகி எனக்குப் பாடம் நடத்தினார். அந்த மூடியை முந்தின நாள் திறக்க முடியாமல் என்னிடம் கொடுத்தவர் அவர்தான்.

என் வீட்டுக்காரரும் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறவர். வந்தால் ஃபேனுக்கு ரெகுலேட்டர் மாற்றத் தெரியாது. வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, உடனே ஃபோனை அண்ணனிடம் கொடுக்கச் சொல்வார். பிரஷ்லெஸ் மோட்டார்தான் வாங்க வேண்டும், சாதா மோட்டார் வாங்கினால் பிற்பாடு வருத்தப்படுவீர்கள் என்று அங்கிருந்து உபதேசம். பெரிய முதலியார்சாவடியில் அண்ணனுக்கு ஒரு கூட்டாளி, ஆரோவில் பக்கம் ஃபர்னிச்சர் பட்டறையில் வேலை பார்க்கிறவர். அங்கே ஒரு வெள்ளைக்காரர் பச்சைக் கலரில் ஒரு மெஷின் வைத்திருக்கிறாராம். வெள்ளைக்காரர் வைத்திருந்தால் அதற்கு மேல் சாட்சி எதற்கு? அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்துப் போய் அதைப் பார்த்துவிட்டு, கடைசியில் வேறு கலரில் ஒன்றை ஆன்லைனில் ஆர்டர் போட்டார்.

இத்தனையும் நடந்தபோது அத்தா அதே ஹாலில் நாற்காலியில்தான் இருந்தார். உதடு வெடித்திருந்தது. பேச்சு அவர் தலைக்கு மேலேயே நடந்தது.

மெஷின் வருவதற்குள் நான் பொறுக்க முடியாமல் எலக்ட்ரீஷியனுக்கு ஃபோன் செய்தேன். நாளைக்கு வருகிறேன் என்றார். அவருடைய நாளை வந்தபோது மெஷினும் வந்துவிட்டது. ஹாலில் பெட்டியைப் பார்த்ததும் அவர் தன் பையைக் கீழே வைத்துவிட்டார். இவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று என்னிடம் கேட்டுவிட்டு, அண்ணனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியைத் திறக்க உதவினார். வேலை செய்ய வந்த ஒரே ஆளும் வேடிக்கை பார்க்கிற ஆளாகிவிட்டார்.

பிஸ்மி சொல்லித் திறந்தார்கள். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. அது பச்சையாகும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அடுப்பில் பால் வைத்தால் ஒரு நிமிஷம் பார்க்க மாட்டாத ஜாதி. பச்சையானதும் ஆரம்பித்தது. நான் முதலில் சொன்ன கொக்கிகள் எல்லாம் அந்த வாரம் வந்தவை. தெருவில் இருந்து ஆள் ஆளாக வந்து கையில் வாங்கிப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் ஒன்றையே செய்தார்கள்: மூக்கை மேலே தூக்கி, விசையை அழுத்தி, டர்ரென்று காற்றில் ஓட்டி, சபாஷ் என்கிற மாதிரி தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். குளியலறைக்கு எப்போது என்று நான் கேட்கும்போதெல்லாம் டைல்ஸைத் துளைக்கத் தனி பிட் வேண்டும், ஆர்டர் போட்டிருக்கிறது என்ற பதில் வந்தது.

பிட் வரும்வரை மெஷினைப் பாதுகாக்க வேண்டும் அல்லவா? எங்கள் ஊரில் இரும்பு எதை வாங்கினாலும் முதல் வேலை அதற்கு எண்ணெய் போடுவது. உப்புக் காற்றில் பூட்டு ஒரு மழைக்காலம் தாங்காது. கேட் கீல், ஜன்னல் கொண்டி, சைக்கிள் செயின், ஃபேன் நட்டு, எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். அதே பழக்கத்தில் அண்ணன் மெஷினின் வாயை, அதாவது பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக் இருக்கிறதே, அதைத் திறந்து உள்ளே தாராளமாகத் தேங்காய் எண்ணெய் விட்டார். பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, ஷோகேஸில் டின்னர் செட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே அது கல்ஃப் சென்ட் பாட்டில்களோடு சந்தோஷமாக இருந்தது.

டைல்ஸ் பிட் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒருவர் நிற்பதற்கே இடுக்கான குளியலறையில் அண்ணன், எலக்ட்ரீஷியன், பெரிய முதலியார்சாவடிக் கூட்டாளி மூன்று பேரும் நின்றார்கள். மெஷின் அலறியது. டைல்ஸில் ஒரு கீறல்கூட விழவில்லை. மெஷின் சுற்றுகிறது, அதன் வாயில் இருக்கும் பிட் சுற்றவில்லை. எண்ணெய் போட்ட வாய் உருண்டைக் கம்பியை எப்படிப் பிடிக்கும்? என் தையல் மெஷின் பெல்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் சக்கரம் சும்மா ஓடும், ஊசி நகராது. இங்கே எண்ணெய் டைல்ஸ் மேல் கோடாக வழிந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்று சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. டைல்ஸ் குஜராத் சரக்கு, கல் மாதிரி என்றார் ஒருவர். பிட் டூப்ளிகேட் என்றார் இன்னொருவர். பேட்டரி போதாது என்றார் அண்ணன். பிறகு கூட்டாளி தன் பையிலிருந்து ஆறு பட்டை வைத்த வேறொரு பிட்டை எடுத்து மாட்ட, பட்டை இருந்ததால் அது வழுக்காமல் சுற்றியது. கூடவே அண்ணன் இடித்துக்கொண்டே துளைக்கும் ஹேமர் பட்டனையும் போட்டுவிட, டைல்ஸ் நட்சத்திரமாக விரிந்தது. விரிந்தால் என்ன, ஓட்டை விழுந்துவிட்டது என்று மூன்று பேரும் மகிழ்ந்தார்கள்.

ஓட்டையிலிருந்து வெள்ளையாகப் பொடி கொட்டியது. செங்கல் பொடி சிவப்பாகத்தானே வரும்? எங்கள் வீடு உவர்த்தண்ணீர் ஊற்றிக் கட்டிய வீடு. மழைக்காலம் வந்தால் சுவரெல்லாம் உப்பு பூக்கும், துடைப்பத்தால் கூட்டி அள்ளலாம். இந்தக் கரையில் பிறந்த மூன்று பேருக்கும் இது தெரியும். ஆனால் கையில் மெஷின் இருந்ததால் சுவரைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு அவசியம் தோன்றவில்லை. பிளாஸ்டிக் பிளக்கைச் செருகினார்கள், ஸ்க்ரூவோடு சேர்ந்து அதுவும் சுற்றியது. தீக்குச்சியை ஒடித்து நுழைத்தார்கள். பசையைப் பிசைந்து அப்பினார்கள். கடைசியில் கம்பி சுவரில் நின்றது. அண்ணன் மெஷினைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் நிற்க, ஃபோட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டார்கள். கல்ஃபிலிருந்து என் வீட்டுக்காரர் கைதட்டல் படம் அனுப்பினார்.

"ஆனையே தொங்கலாம்," என்றார் அண்ணன்.

"ஆனை வேணாம்ணா. அத்தா தொங்கணும்," என்றேன்.

பசை காயட்டும் என்று ஒரு நாள் விட்டுவிட்டு, அத்தாவைக் கூப்பிடுவதற்கு முன் நானே போய் டாய்லெட்டில் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்து, என் முழுப் பாரத்தையும் போட்டு எழுந்தேன். கம்பி என்னோடு வந்துவிட்டது. பிளக், தீக்குச்சி, பசை, ஒரு பிடி வெள்ளைப் பொடி எல்லாம் மடியில் கொட்டியது. விழாமல் இருக்க ஃப்ளஷ் டேங்கைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் ஒரு கை வராத மனிதர் இருந்திருந்தால் எதைப் பிடித்திருப்பார்? கோபத்தில் அழுதேன். கம்பியைக் கொண்டுபோய் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெஷினுக்குப் பவர் பத்தவில்லை, இதைவிடப் பெரிசாக ஒன்று இருக்கிறது என்று ஃபோனை எடுத்தார்.

அந்த வாரமே அத்தாவுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்தது. சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். தண்ணீரே குடிப்பதில்லையா, வீட்டில் யாரும் கவனிப்பதில்லையா என்று என்னைத்தான் திட்டினார். மருந்தோடு திரும்பும்போது அண்ணன் மெடிக்கலில் இன்னொன்றும் வாங்கிவந்தார், பெரியவர்கள் போடும் டயப்பர் பாக்கெட். புது மெஷின் வரும்வரைக்கும்தான், சமாளித்துக்கொள்ளலாம் என்று அதைக் கட்டில் ஓரம் வைத்தார். அத்தா அந்தப் பாக்கெட்டைப் பார்த்தார். மேலே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சிரித்துக்கொண்டிருக்கும் படம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணனிடம் நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலை கேட்டைச் சாத்தும்போதுதான் பார்த்தேன். எங்கள் கேட் இரும்பு கேட், சின்னப் பிள்ளைகள் ஏறி ஆடினாலும் அசையாது. அதைத் தாங்கும் தூணும் அதே உப்புத் தின்ற தூண்தான். கீல் ஸ்க்ரூவில் நிற்கவில்லை. தூணை முழுவதுமாகத் துளைத்து நீள போல்ட்டை விட்டு, தெருப் பக்கம் ஒரு தகடு வைத்து நட்டுப் போட்டு முறுக்கியிருக்கிறது. எங்கள் தெருவில் எல்லா கேட்டும் அப்படித்தான். அண்ணன் தினமும் நாலு முறை இதைத் திறந்து சாத்துகிறார். எலக்ட்ரீஷியன் இதில் சாய்ந்து நின்றுதான் ஃபோன் பேசுவார். எனக்கும் அதுவரை தோன்றவில்லை என்பது வேறு விஷயம், ஆனால் நான் பிரஷ்லெஸ் மோட்டார் பற்றிப் பேசித் திரியவில்லை.

ஈசிஆர் ரோட்டில் இருக்கும் கிரில் பட்டறைக்குப் போய், எவர்சில்வர் பைப்பில் இரண்டு பக்கமும் அகலத் தகடு வைத்து ஒரு கைப்பிடி செய்யச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் வைக்க இன்னும் இரண்டு தகடு, நான்கு நீள போல்ட். சுவரைத் தாண்டுகிற அளவுக்கு நீளமான பிட் ஒன்றையும் ஒரு நாளைக்கு இரவல் வாங்கினேன். எல்லாவற்றையும் தையல் துணி மூட்டைக்குள் வைத்தேன். ஒளிக்கக் காரணம் இருந்தது. குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹால். அந்த ஹால் சுவரில்தான் அண்ணன் போன பெருநாளுக்கு ஆசை ஆசையாக அருவி வால்பேப்பர் ஒட்டியிருக்கிறார். மலை, மரம், தண்ணீர் கொட்டுகிறது, கீழே பாறையில் இரண்டு மான். அதன் மேல் விரல் வைத்தால்கூடச் சத்தம் போடுவார். இதைச் சொன்னால் அனுமதி கிடைக்காது, இன்னொரு மாநாடுதான் நடக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குத் தெருவில் ஆண்கள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். உபதேசம் சொல்ல ஆள் இல்லாத நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். அண்ணன் வெள்ளை ஜிப்பா போட்டு, அத்தர் பூசிக்கொண்டு கிளம்பியதும் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அதிகம் பேசாது. ஷோகேஸைத் திறந்து, டின்னர் செட்டை நகர்த்தி, மெஷினை எடுத்து என் கையில் கொடுத்தது. அது என்னைவிடக் கோபமாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

சக்குக்குள் பாத்திரம் கழுவும் சோப்பு போட்ட துணியை விட்டுத் துடைத்தேன், பிறகு காய்ந்த துணியால் துடைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு போகவே போகாமல் பாடுபடுத்தியது. ஹேமரை அணைத்துவிட்டு டைல்ஸ் பிட்டை மாட்டி மெதுவாக ஓட்டினேன். பிட் சுற்றியது. குஜராத் கல் சத்தமில்லாமல் வழிவிட்டது. பிறகு நீள பிட்டை மாட்டி, ஹேமரைப் போட்டு, இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினேன். முதல் ஓட்டை பாதி போகும்போது கரன்ட் போய்விட்டது. ஃபேன் நின்றது, விளக்கு அணைந்தது, மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி மெஷினுக்கு இது ஒரு பெரிய சௌகரியம் என்று ஒப்புக்கொள்ள எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. அண்ணி ஃபோனில் டார்ச் அடித்தது. மூன்று ஆண்களைக் கவிழ்த்த அதே இற்றுப்போன சுவர் எனக்குப் புட்டு மாதிரி இறங்கிக்கொடுத்தது.

அத்தா ஹாலில் அருவிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறோம் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பிட் அந்தப் பக்கம் எட்டும் நேரம் அவர் குரல் வந்தது.

"மெதுவாம்மா. பேப்பர் உப்புது. மான் பக்கமா வருது."

மானுக்கும் தண்ணீருக்கும் நடுவே முதல் ஓட்டை விழுந்தது. மற்றவையும் விழுந்தன. ஒன்று கோணலாகப் போய்விட்டது, போல்ட்டைத் தட்டி உள்ளே விட வேண்டியிருந்தது. என் வேலையும் ஒன்றும் அழகில்லை. நான் உள்ளே இருந்து போல்ட்டைத் தள்ள, அண்ணி ஹால் பக்கம் தகட்டை வைத்து நட்டை முறுக்கியது. அது முறுக்கிய முறுக்கில் அருவி சுருங்கி மடிந்தது. பழைய ஓட்டைகள், உடைந்த டைல்ஸ் எல்லாம் அகலத் தகட்டுக்குக் கீழே மறைந்தன. முதலில் நான் தொங்கினேன். பிறகு அண்ணி தொங்கியது, அது என்னைவிட இரண்டு மடங்கு கனம். ஒன்றும் அசையவில்லை. பேட்டரி அதோடு செத்தது.

அண்ணன் ஜும்மா முடிந்து வந்தார். தலையிலிருந்து தொப்பியை எடுக்கும்போதே கண் சுவருக்குப் போய்விட்டது. கொட்டும் தண்ணீருக்கு நடுவே எவர்சில்வர் தகடு இரண்டு, மானின் தலைக்கு மேல் இரண்டு நட்டு, மரத்தடியில் இரண்டு நட்டு. வாய் திறந்தது. வந்த பேச்சு பேப்பரைப் பற்றித்தான். ஹாலுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், கேட்காமல் எப்படி எடுத்தாய், ஷோகேஸ் சாவி யார் கொடுத்தது. அண்ணி தட்டில் சோறு போட்டுக்கொண்டே நான்தான் கொடுத்தேன் என்றது. என் ஆத்திரம் எல்லாம் சுவரில் தீர்ந்துபோயிருந்தது.

எங்கள் பேச்சுக்கு நடுவே ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அத்தா எழுந்து நடந்துகொண்டிருந்தார். அண்ணன் வழக்கம்போல் பிடிக்க ஓடினார். அத்தா ஊன்றுகோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி அவரை நிறுத்தினார். உள்ளே போனார். கதவைச் சாத்தினார். உள் தாழ்ப்பாள் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்தத் தாழ்ப்பாள் விழுந்ததில்லை.

"அத்தா, தாப்பா போடாதீங்க. வுழுந்துட்டா இன்னா பண்றது?" என்று அண்ணன் கதவில் வாயை வைத்துக் கெஞ்சினார்.

"நீ போய் சாப்புடுப்பா," என்றது உள்ளிருந்து குரல்.

நாங்கள் மூன்று பேரும் ஹாலுக்கு வந்து அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அண்ணனும்தான். தகட்டை, நட்டை, மானை. அத்தா இப்போது பிடிக்கிறார், இப்போது எழுகிறார் என்று நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சுவர் அசையவில்லை. ஃப்ளஷ் சத்தம் கேட்டது. குழாய் திறந்து தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல் ரொம்ப நேரம் ஓடியது. பிறகு தாழ்ப்பாள் திறந்தது.

ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். யாருக்கும் நன்றி சொல்லவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை.

"டீ போடும்மா. கிளாஸ் நெறைய ஊத்து."

நான் அடுப்படிக்குப் போனேன். பால் கொதிக்கும்போது ஹாலில் அண்ணன் கல்ஃபுக்கு ஃபோன் போட்டு என் வீட்டுக்காரரிடம் பேசுவது கேட்டது. நம்ம மெஷின்தான் மாப்பிள்ளை, சுவரை அப்படியே அந்தப் பக்கம் வரைக்கும் துளைத்துவிட்டது, இன்னொரு பேட்டரி மட்டும் வாங்கிவிட்டால் வேறு மெஷினே தேவையில்லை. இருக்கட்டும், இதைத் திருத்த நான் யார் என்று டீயை ஆற்றினேன். அத்தா வாங்கி, சூடு ஆறுவதற்குள் குடித்தார். இடையில் ஒரு தரம்கூட ஜன்னல் ஓரத் தொட்டிப் பக்கம் பார்க்கவில்லை. காலி கிளாஸைக் கீழே வைக்காமல் என்னிடமே நீட்டினார். இன்னொன்று வேண்டுமாம்.